திபெத்திய மடாலயத்தில் அறிவியல் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு

கர்நாடகத்தில் இரண்டு இடங்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பைலகுப்பே. மைசூரு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், குடகின் குஷால்நகரை ஒட்டி இருக்கிறது. செரா மடாலயம் இங்கேதான். இன்னொன்று உத்தர கன்னட மாவட்டத்து முண்ட்கோடு. டிரெபுங், கான்டென் மடாலயங்கள் அங்கே. திபெத்திலிருந்து வந்தவர்களுக்காக 1960களில் உருவான குடியிருப்புகள் இவை. திபெத்திய பௌத்தத்தின் கெலுக் பிரிவைச் சேர்ந்த மூன்று பெரிய மடாலயங்களும் இந்த இரண்டு ஊர்களில் மறுபடி எழுந்தன. தலாய் லாமாவின் முனைப்பில் துறவிகளுக்கு அறிவியல் கற்பிக்கும் திட்டங்கள் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் 2006இல் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இன்று மடாலயக் கல்வியின் உயர்பட்டமான கெஷே பட்டத்துக்கான படிப்பிலேயே அறிவியல் ஒரு பாடம். அதனால் இயற்பியல், உயிரியல், நரம்பியல் படித்தவர்களுக்கு வெளிநாடுகளிலிருந்தும் அழைப்பு வருகிறது.

அழைப்பு வந்தவர்கள் பாடத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். பாடத்தைவிட அனுமதி, நேரம், மொழிபெயர்ப்பு இந்த மூன்றும்தான் காலை வாரும்.

கிளம்பும் முன்

இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்குச் சிக்கல் இல்லை. அடையாள அட்டையோடு போய் இறங்கலாம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா என்று எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், குடியிருப்புக்குள் இரவு தங்க விசா மட்டும் போதாது. பிஏபி என்று எல்லோரும் சொல்லும் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வேண்டும். அதைத் தருவது இந்திய உள்துறை அமைச்சகம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அவர்களுக்கும் அனுமதி தேவை. விண்ணப்பம் பல மாதம் எடுக்கும். அழைத்த மடாலயத்தின் அலுவலகத்தோடு குறைந்தது நான்கு மாதம் முன்பே பேசி, கடவுச்சீட்டு நகல், புகைப்படம், தங்கும் தேதிகள் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். தேதியில் முன்னும் பின்னும் சில நாட்கள் சேர்த்துக் கேட்பது நல்லது. ரயில் தாமதமாகி அனுமதி முடிந்த இரவில் மாட்டிக்கொண்டால் விருந்தினர் விடுதி உங்களைத் தங்கவைக்க முடியாது. பாடம் நடத்த எந்த வகை விசா பொருந்தும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து சமாளித்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (சி படிவம் என்பார்கள்) விடுதிக்காரர் பதிவு செய்தாரா என்று நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

தேதி குறிக்கும்போது திபெத்திய நாட்காட்டி கையில் இருக்கட்டும். அது சந்திரனை வைத்துப் போவது, அதனால் ஆண்டுக்கு ஆண்டு நகரும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் லோசர் என்ற புத்தாண்டு வரும். நான்காம் மாதத்துப் பௌர்ணமி சாகா தாவா திருநாள். ஜூலை 6 தலாய் லாமாவின் பிறந்தநாள். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் துறவிகளுக்குச் சோஜோங் சடங்கு உண்டு, அன்று காலை வகுப்பு இருக்காது. வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள், மடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது பெரிய லாமா வந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் பாடமே நடக்காது. பத்து நாள் பாடம் என்றால் ஏழு நாளுக்குத்தான் திட்டம் போடுங்கள். மீதி மூன்று நாள் தானாகக் காணாமல் போகும்.

வழி எளிது. பைலகுப்பேக்கு மைசூரு வரை ரயில், அங்கிருந்து குஷால்நகர் போகும் பேருந்து. முண்ட்கோட்டுக்கு ஹுப்பள்ளியில் இறங்கிப் பேருந்தோ காரோ பிடிக்க வேண்டும்.

அன்றாடம்

விடிவதற்கு முன்பே மணியோசையும் ஓதும் குரலும் தொடங்கிவிடும். இரவு வெகுநேரம் முற்றத்தில் கைதட்டி வாதம் நடக்கும். அது முடிந்தபின் இளம் துறவிகள் அறைகளில் உரக்கப் படித்து மனப்பாடம் செய்வார்கள். காதடைப்பான் கொண்டுபோனால் ஆறு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். மதியச் சாப்பாடு பதினொன்றரை வாக்கிலேயே முடிந்துவிடும், இரவுச் சாப்பாடும் சீக்கிரம். ஒன்பது மணிக்குப் பசிக்கும் என்பதால் அறையில் பழம், பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மடங்களின் பொதுச் சமையலறையில் பெரும்பாலும் சைவம்தான். சோறு, பருப்பு, காய்கறி, டிங்மோ என்ற ஆவியில் வேகவைத்த ரொட்டி, மாலையில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப். வெண்ணெய்த் தேநீரில் உப்புப் போடுவார்கள். தேநீர் என்று எதிர்பார்த்தால் நாக்கு ஏமாறும், சூப் என்று நினைத்துக் குடித்தால் சரியாகிவிடும். ஒரு வாய் குடித்ததுமே கோப்பையை மறுபடி நிரப்புவது அங்கே மரியாதை. போதும் என்றால் நிரம்பிய கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்துவிட்டு எழுந்திருங்கள்.

உடை தோளையும் முழங்காலையும் மறைக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். வகுப்புக்குள் செருப்பு கிடையாது. கால் நீட்டி உட்கார்ந்தால் பாதம் புத்தர் படத்தையோ எதிரில் இருப்பவரையோ பார்க்கக் கூடாது. புத்தகம் எதுவானாலும் தரையில் வைக்காதீர்கள், தாண்டாதீர்கள். அச்சடித்த உங்கள் பாடத்தாள்களுக்கும் இதே விதி. கோயிலையும் ஸ்தூபியையும் வலம்தான் வர வேண்டும். கத்தா என்ற வெள்ளைத் துண்டைப் போர்த்த வந்தால் தலை தாழ்த்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியரைக் ‘கென்-லா’ என்று கூப்பிடுவார்கள். நீங்களும் பெயரோடு ‘லா’ சேர்த்தே கூப்பிடுங்கள், கெஷே பட்டம் பெற்றவரைக் ‘கெஷே-லா’ என்று. பாடம் எடுக்கும் நீங்கள் பெண்ணாக இருந்தால் கைகுலுக்குவதற்கு முன்கை எடுக்க வேண்டாம், கைகூப்பினால் போதும். துறவினிகளும் இதே பாடத்தைப் படிக்கிறார்கள். கெஷேவுக்கு இணையான கெஷேமா பட்டம் பெற்ற முதல் 20 துறவினிகள் 2016 டிசம்பரில் முண்ட்கோட்டில்தான் அதை வாங்கினார்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது. வகுப்பில் கொசுவை அடிக்காதீர்கள். கை தானாக எழும்பும். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு உயிரை நசுக்கிவிட்டு உயிரியல் பாடத்தைத் தொடர்வது கஷ்டம். கொசுவிரட்டிக் களிம்பைத் தடவிக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

ஜூனில் மழை பிடித்தால் மின்சாரம் போய்ப் போய் வரும். ப்ரொஜெக்டரை மட்டும் நம்பி ஒரு பாடமும் தயாரிக்காதீர்கள். ஸ்லைடில் இருக்கும் முக்கியமான நான்கு படங்களைப் பெரிய தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டால் மின்சாரம் போனாலும் பாடம் நிற்காது.

மொழிபெயர்ப்பாளர்

ஒன்றரை மணி நேர வகுப்பு என்றால் உங்கள் கைக்கு வருவது நாற்பது நிமிடம். மீதி மொழிபெயர்ப்புக்கும் கேள்விக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் போகிறவர்கள் மூன்றாம் நாளே பாதிப் பாடத்தை வெட்டுகிறார்கள்.

இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசினால் மொழிபெயர்ப்பாளருக்கு நினைவில் நிற்பது சுருக்கம்தான், துறவிகளுக்குப் போய்ச் சேருவதும் அதுவே. பாதி வாக்கியத்தில் நிறுத்துவது இன்னும் மோசம். திபெத்தியத்திலும் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். நீங்கள் ஆங்கிலத்தில் பாடம் எடுத்தால், வாக்கியம் முடியாமல் அவரால் தொடங்கவே முடியாது. நகைச்சுவையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிலேடை தாண்டிப் போகாது.

முந்தின நாள் மாலை மொழிபெயர்ப்பாளரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். மறுநாள் வரும் கலைச்சொற்கள் பத்து அல்லது பன்னிரண்டு, அவ்வளவு போதும். அறிவியலுக்கான புதிய திபெத்தியச் சொற்களை உருவாக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது, இருமொழிப் பாடநூல்களும் இருக்கின்றன. ஒரு சொல்லுக்கு ஏற்கெனவே நிலைத்த வடிவம் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அதைப் பலகையில் திபெத்திய எழுத்தில் அவரையே எழுதச் சொல்லி, பாடம் முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரே காலையும் மாலையும் பேசினால் பிற்பகலில் தவறுகள் பெருகும். இருவர் மாறி மாறிப் பேச ஏற்பாடு கேளுங்கள்.

வாதம்

இவர்கள் புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகள் அல்ல. தர்க்கத்திலேயே பல ஆண்டு ஊறியவர்கள். முற்றத்தில் ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்வார், இன்னொருவர் நின்று கைதட்டிக் கேள்வி எறிவார். உட்கார்ந்தவர் சொல்லக்கூடிய பதில்கள் கொஞ்சம்தான்: ‘ஏற்கிறேன்’, ‘நீ சொன்ன காரணம் நிலைபெறவில்லை’, ‘காரணம் சரி, ஆனால் முடிவு அதிலிருந்து வராது’, ‘ஏன்?’ இந்த வகைத் தர்க்கம் நமக்கு அன்னியமில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்லும் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) எல்லாம் இதே குடும்பம்தான். இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. கிளம்பும் முன் அந்தக் காதையை ஒருமுறை உரையோடு படித்தால் பயிற்சி நூல் எதுவும் வேண்டாம்.

பாடத்தையும் இந்த அச்சில்தான் வார்க்க வேண்டும். ‘இன்று ஊசலைப் பற்றிப் பார்ப்போம்’ என்று தொடங்கினால் பணிவாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். ‘கனமான குண்டு கட்டிய ஊசல் வேகமாக ஆடும், ஏனென்றால் கனமானது வேகமாக விழும்’ என்று பலகையில் எழுதி, ஏற்கிறீர்களா என்று கேளுங்கள். அறை இரண்டாகப் பிரியும், கைதட்டல் தொடங்கும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு நூலை எடுங்கள்.

முகத்துக்கு நேராகக் கைதட்டினாலும், எல்லோரும் சிரித்தாலும் அது அவமதிப்பு அல்ல. பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவார்கள்.

தர்க்கத்தில் இவ்வளவு தேர்ந்தவர்களுக்கு அளவெடுப்பு புதிது. பலர் சிறுவயதிலேயே மடத்தில் சேர்ந்தவர்கள், பள்ளிக் கணக்கு அதிகம் தொட்டிருக்க மாட்டார்கள். வரைபடத்தில் இரண்டு அச்சுகளை எப்படிப் படிப்பது என்பதற்கு முழு வகுப்பு ஒன்று ஒதுக்குங்கள். அது இல்லாமல் பிந்தைய பாடம் எதுவும் நிற்காது. அளந்த எண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுவதும் அவர்களை உறுத்தும். காரணம் நிலைபெற்றதா இல்லையா என்றுதானே கேட்பார்கள், ‘ஏறக்குறைய’ என்றால் எப்படி? அதற்கு ஊசலே பதில்.

1. ஒரு மீட்டர் நூல் கட்டுங்கள். நீளத்தை முடிச்சு வரை அளக்கக் கூடாது, குண்டின் மையம் வரை அளக்க வேண்டும்.
2. பத்துப் பாகைக்கு மேல் இழுக்காமல் விடுங்கள்.
3. பத்து முழு ஆட்டத்துக்கான நேரம் எடுங்கள். சுமார் 20 வினாடி வரும்.
4. குண்டின் எடையை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். நேரம் மாறாது.
5. நூலை 25 சென்டிமீட்டராக்குங்கள். பத்து ஆட்டத்துக்குச் சுமார் 10 வினாடி.

பாதிக் குழுக்களுக்கு 18 வினாடி வரும். காரணம் ஒன்றே: கைவிடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணியிருப்பார்கள், அதனால் ஒன்பது ஆட்டம்தான் ஆகியிருக்கும். ‘பூஜ்யம்’ என்று சொல்லிக் கைவிடப் பழக்குங்கள். எடை கூடியபோது நேரமும் கூடியது என்று ஒரு குழு அடித்துச் சொன்னால், பெரிய குண்டின் மையம் கீழே இறங்கி நூல் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்துக் குழுவின் எண்களையும் பலகையில் எழுதிச் சிதறலைக் காட்டுங்கள். அந்தச் சிதறலுக்கும் 25 சென்டிமீட்டர் நூல் தந்த எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியே அன்றைய பாடம்.

பூமியை அளப்பது

பைலகுப்பேயில் மட்டும் கிடைக்கும் வாய்ப்பு ஒன்று உண்டு. அதன் தீர்க்கரேகை ஏறக்குறைய 76 பாகை கிழக்கு. இமாசலத்தின் தர்மசாலாவும் 76 பாகையை ஒட்டியே இருக்கிறது. ஒன்று நேர் தெற்கே, ஒன்று நேர் வடக்கே. தர்மசாலாவில் படிக்கும் துறவிகளோடு கைபேசியில் பேசிக்கொண்டே, ஒரே நாள் நண்பகலில் இரண்டு இடத்திலும் நிழலை அளந்தால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். பழைய நூல்களில் மேரு மலையைச் சுற்றி வரும் சூரியனைப் படித்தவர்கள் இவர்கள். அந்த உலக அமைப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று தலாய் லாமாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதை நீங்கள் எடுத்துப் பேச வேண்டாம். குச்சியை நட்டால் போதும்.

ஒரு மீட்டர் குச்சி, தூக்குக்குண்டு, தரையில் விரிக்க வெள்ளைத் தாள். குச்சி ஒரு பாகை சாய்ந்தால் கோணத்தில் ஒரு பாகை பிழை வரும். மொத்தக் கோணமே இருபது பாகைதான் என்பதால் சுற்றளவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் போய்விடும். அதனால் குச்சியைக் கண்ணால் நிமிர்த்தாதீர்கள், தூக்குக்குண்டு வைத்து நிமிர்த்துங்கள். அங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு அல்ல, பன்னிரண்டரையை ஒட்டி. 12:10 முதல் 12:40 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைப் புள்ளி வைத்து, குச்சிக்கு மிக அருகில் வந்த புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணத்தைப் பத்தில் ஒரு பங்காகத் தாளில் வரைந்து பாகைமானியால் கோணத்தை அளக்கலாம், திரிகோணமிதி தேவையில்லை.

வருடத்தின் எந்த நாளில் அளக்கிறோம் என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். மார்ச் சமபகல் நாளில் இரண்டு ஊரிலும் நிழல் வடக்கே விழும். பைலகுப்பேயில் சுமார் 22 சென்டிமீட்டர், தர்மசாலாவில் சுமார் 63. கோணங்கள் ஏறக்குறைய 12.4, 32.2. கழித்தால் 19.8 பாகை. ஆனால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து சூரியன் பைலகுப்பேக்கு வடக்கே போய்விடும், அங்கே நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று பைலகுப்பேயில் தெற்கே 11 பாகை, தர்மசாலாவில் வடக்கே 8.8 பாகை. இப்போது கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். கழித்தால் 2 பாகை வரும், பூமி ஒன்பது மடங்கு பெரிதாகிவிடும். ஏன் கூட்ட வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாமல் வாதத்துக்கு விடுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டு ஊருக்கும் நேர்தூரம் சுமார் 2,200 கிலோமீட்டர். 360ஐ 19.8ஆல் வகுத்து 2,200ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர். சாலைத் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், அது அதிகம். மழை வந்தபின் நண்பகல் சூரியனைப் பிடிப்பது அதிர்ஷ்டம் என்பதால் இதை மே மாதமே முடித்துவிடுவது நல்லது.

வாத முற்றம் காலியாக இருக்கும் நேரத்தில் சூரியக் குடும்பத்தையும் நடந்து காட்டலாம். ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு லட்சம் கிலோமீட்டர். சூரியன் 14 சென்டிமீட்டர் பந்து. 15 மீட்டர் தள்ளி பூமி, ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய மணல் துகள். வியாழன் 78 மீட்டரில். நெப்டியூனுக்கு 450 மீட்டர் நடக்க வேண்டும், மடத்து வாசலைத் தாண்டிவிடும்.

நுண்ணோக்கியும் உயிரும்

தவளை, எலி, ஆட்டு மூளை எதையும் அறுக்கும் எண்ணம் வேண்டாம். மூளைக்குக் களிமண் மாதிரி போதும். செல்லைக் காட்ட வெங்காயத் தோல்: உள்மடலின் மெல்லிய சவ்வைத் துண்டாக உரித்து, ஒரு சொட்டு நீர்த்த அயோடின் விட்டு, மேல்கண்ணாடியைச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும், அந்தக் கறுத்த விளிம்பு வட்டங்களைத்தான் செல் என்று எல்லோரும் வரைவார்கள். நூறு மடங்கில் தொடங்கி, பிறகு நானூறு.

குளத்து நீர் காட்டினால் அறை முழுவதும் பரபரக்கும். பாரமீசியம் என்ற ஒருசெல் உயிர் முட்டித் திரும்புவதைப் பார்த்ததும் கேள்வி வரும்: இதற்கு மனம் உண்டா? உணர்வுள்ள உயிர் எது என்பது அவர்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல, எதைக் கொல்லலாகாது என்ற கேள்வி. தூண்டலுக்கு எதிர்வினை காட்டுகிறது என்பது வரை நீங்கள் சொல்லலாம், அதை அளக்கலாம். அது இன்பதுன்பம் உணர்கிறதா என்ற தீர்ப்பை நீங்கள் எழுத வேண்டாம். எந்தச் சோதனை வைத்தால் இதைத் தீர்க்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். பாடம் முடிந்ததும் கண்ணாடியில் இருந்த துளி உட்பட நீரைக் குளத்திலேயே விட ஒருவரை அனுப்புங்கள். அவர்கள் கண்முன் ப்ளீச் ஊற்றிக் கழுவாதீர்கள்.

நரம்பியலை ‘மனம் என்பது மூளைதான்’ என்று தொடங்கினால் மீதி வாரம் அந்த ஒரு வாக்கியத்திலேயே கழியும். குருட்டுப்புள்ளியில் தொடங்குங்கள். தாளில் இடப்பக்கம் ஒரு சிலுவைக்குறி, பத்து சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவையையே பார்த்தபடி தாளை எட்டக் கையிலிருந்து மெல்ல அருகே கொண்டுவர வேண்டும். 35, 40 சென்டிமீட்டர் வாக்கில் புள்ளி மறைந்து, அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் தெரியும். மறையவில்லை என்பவர் பெரும்பாலும் புள்ளியைத் திருட்டுப் பார்வை பார்த்திருப்பார். இல்லாவிட்டால் தாளைச் சாய்த்துப் பிடித்திருப்பார். தெரிகிற அந்த வெள்ளை நேரடிக் காட்சியா, கற்பனையா? அறிதலின் வகைகளை லோரிக் என்ற தனிப்பாடமாகவே படித்தவர்கள் அவர்கள். இந்தக் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள். அன்று உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர்களுக்கு நீங்கள் வேண்டாம்.

கொண்டுபோன கருவிகளை மடத்து அறிவியல் அறையிலேயே விட்டுவருவதானால், லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் காற்றுப்புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். ஒரு மழைக்காலம் மூடாமல் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், துடைத்தாலும் போகாது. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அது சமையலறை வாணலியாக இருக்கக் கூடாது.